சிரிக்கும் பிஸ்தா

மாவும் முந்திரியும் அடங்கிய அனகார்டியேசியே குடும்பத்தைச் சேர்ந்த பிஸ்தா, ஈரானின் கெர்மான் மாகாணத்திலும் துருக்கியின் காசியான்டெப் வட்டாரத்திலும் கலிஃபோர்னியாவிலும் பெருமளவில் விளைகிறது. கோடையின் இறுதியில் உள்ளிருக்கும் பருப்பு பருத்து நெருக்க, அதன் கெட்டியான ஓடு விளிம்பு வழியே தானாகவே பிளக்கிறது. இவ்வாறு வாய் திறந்ததை ஈரானியர் ‘கந்தான்’, அதாவது சிரிக்கும் பிஸ்தா, என்பர்.

பிளவினூடே தெரியும் பச்சை நிறம் இலைகளில் உள்ள அதே பச்சையத்தால் வருவது. அதனுடன் லூட்டீன், ஸியாசாந்தின் எனும் மஞ்சள் நிறமிகளும் இருக்கின்றன. விழித்திரையின் மையத்தில் படிந்து நீல ஒளியை வடிகட்டும் இவை கொழுப்பில் கரைபவை என்பதாலும், அக்கொழுப்பு அதே பருப்பில் இருப்பதாலும் குடல் இவற்றை எளிதில் உறிஞ்சிக்கொள்கிறது. சுமார் 49 பருப்புகள் கொண்ட 28 கிராமில் 160 கலோரியும் 6 கிராம் புரதமும் 3 கிராம் நார்ச்சத்தும் 13 கிராம் கொழுப்பும் உள்ளன. இக்கொழுப்பில் பெரும்பகுதி, இரத்தத்தில் எல்.டி.எல். எனும் தீய கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவும் நிறைவுறாக் கொழுப்பு. நாள்தோறும் 42 கிராம் கொட்டைப் பருப்பு, நிறைவுற்ற கொழுப்பு குறைந்த உணவோடு சேரும்போது இதயநோய் வாய்ப்பைக் குறைக்கலாம் என்று உறைகளில் அச்சிட, 2003இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதித்த பட்டியலில் பிஸ்தாவும் உண்டு. எனினும் சான்றுகள் இதை உணர்த்துகின்றனவே தவிர நிரூபிக்கவில்லை என்பதையும் அவ்வாசகம் சேர்த்தே சொல்ல வேண்டும். விளம்பரங்கள் பெரும்பாலும் இந்தப் பின்பாதியை விழுங்கிவிடுகின்றன.

உண்ணும் அளவைக் குறைப்பதில் ஓட்டுக்கும் பங்குண்டு. நகத்தால் ஒவ்வொன்றாக நெம்பி எடுக்கும் தாமதமும் எதிரே குவியும் வெற்று ஓடுகளும் கையைக் கட்டுப்படுத்துகின்றன. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், ஓட்டுடன் பிஸ்தா தரப்பட்டவர்கள் உரித்த பருப்பைப் பெற்றவர்களைவிட 41 விழுக்காடு குறைவான கலோரியே உட்கொண்டனர். உப்பிட்டு வறுத்ததை இரத்த அழுத்தமுள்ளோர் தவிர்ப்பதே நன்று; முந்திரி ஒவ்வாதவர்களுக்குப் பிஸ்தாவும் பெரும்பாலும் ஒவ்வாது.

அதே பிளவு சிலவேளை கேடாகவும் முடிகிறது. அறுவடைக்கு முன்பே ஓட்டோடு மேல்தோலும் கிழிந்துவிட்டால், ஆஸ்பெர்ஜில்லஸ் எனும் பூஞ்சை உள்ளே புகுந்து, கல்லீரல் புற்றுநோயைத் தூண்டவல்ல அஃப்ளாடாக்சின் நஞ்சை உண்டாக்கும். இதன் பொருட்டே 1997இல் ஐரோப்பிய ஒன்றியம் ஈரானியப் பிஸ்தாவின் இறக்குமதியைத் தற்காலிகமாக நிறுத்தியது. வறுத்தாலும் இந்நஞ்சு முழுமையாக அழியாது என்பதால், விளிம்பில் கறை படிந்த ஓடு, சுருங்கிய பருப்பு, பூசண வாடை ஆகியவற்றைக் கண்டால் அந்தப் பருப்பை எறிந்துவிட வேண்டும்.