கணக்கும் கடனும் – 14: பாவிக்காத கடனட்டையை மூடுவதா, வைத்திருப்பதா?

சென்ற வாரம் நகை அடகு பற்றிப் பார்த்தோம். அதை வாசித்த நிந்தவூர் ஆசிரியர் ஒருவர் கேட்ட கேள்விதான் இந்த வாரத்து விடயம். "சேர், கொழும்பில வேல செய்யக்குள்ள எடுத்த கிரெடிட் காட் ரெண்டு கிடக்கு. பாவிக்கிறதே இல்ல. சும்மா கிடக்கட்டுமா, மூடிரவா?"

இது அவர் ஒருவரின் கேள்வியல்ல. நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை என்று நம் கரையோரத்தில் அரச உத்தியோகத்தர் இல்லாத தெரு குறைவு. நிரந்தர நியமனம் கிடைத்தவரைத் தேடிக் கடனட்டைப் படிவமும் வருகிறது. முதல் வருடம் கட்டணமில்லை என்றதும் கையெழுத்து வைத்துவிடுகிறோம். பிறகு இடமாற்றம், வெளிநாட்டு வேலை, ஓய்வு என்று வாழ்க்கை வேறு பக்கம் போக, அட்டை அலுமாரிக்குள் போய்விடுகிறது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதற்காக வைத்திருக்கிறேன் என்று உங்களால் ஒரே வசனத்தில் சொல்ல முடியாத அட்டையை மூடிவிடுங்கள்.

பாவிக்காத அட்டையால் செலவில்லை என்பது தவறான எண்ணம். பொதுவாக இரண்டாம் வருடத்திலிருந்து ஆண்டுக் கட்டணம் கணக்கில் ஏறும். கணக்குக் கூற்று பழைய விலாசத்துக்கோ மறந்துபோன மின்னஞ்சலுக்கோ போகும். கட்டணம் நிலுவையாகி அதன்மேல் தாமதக் கட்டணமும் வட்டியும் சேரும். 2020 ஓகஸ்டில் கடனட்டை வட்டிக்கு மத்திய வங்கி வைத்த உச்சவரம்பு வருடத்துக்கு 18 சதவீதம். 2022 நெருக்கடியில் வட்டி 30 சதவீதத்தையும் தாண்டியது. 2023 ஓகஸ்டில் 28 சதவீதம் என்று மீண்டும் வரம்பு வந்தது. கட்டணம் 5,000 ரூபா என்று வைத்துக்கொண்டால், 28 சதவீதத்தில் ஒரு வருட வட்டி மட்டும் 1,400 ரூபா. மாதாமாதம் விழும் தாமதக் கட்டணம் அதற்கு மேல். ஒரு பொருளும் வாங்காமலே கடன்காரராகும் வழி இதுதான்.

அந்த நிலுவை அடுத்துப் போய்ச் சேரும் இடம், நாம் 'கிரிப்' என்று சொல்லும் கடன் தகவல் பணியகம். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. கடன் கட்டாதவர்களின் கறுப்புப் பட்டியல் என்று ஊரில் இதற்குப் பேர். உண்மையில் ஒழுங்காகக் கட்டுகிறவரின் விபரமும் அங்கேதான் இருக்கிறது. வீடு கட்டக் கடன் கேட்டுப் போனால், அதிகாரி அந்த அறிக்கையை எடுத்துப் பார்ப்பார். பாவிக்காத அட்டையின் கடன் வரம்பும், நாளைக்கே நீங்கள் எடுக்கக்கூடிய கடனாக அவர் கண்ணில் படும். மறந்துபோன கட்டணத்தின் நிலுவை இருந்தால் அதுவும் தெரியும்.

பழைய அட்டையை மூடினால் கடன் மதிப்பெண் குறையும் என்று இணையத்தில் படித்துப் பயப்படுகிறவர்களும் உண்டு. அது பெரும்பாலும் அமெரிக்கக் கணக்கு. மொத்த வரம்பில் எத்தனை பங்கைச் செலவிட்டிருக்கிறீர்கள் என்பதை அங்கே மதிப்பெண்ணில் சேர்க்கிறார்கள். ஒரு அட்டையை மூடினால் வரம்பு சுருங்கி அந்தப் பங்கு பெரிதாகிவிடும். நிலுவையே இல்லாமல் சம்பளத்தில் வாழ்கிற ஆசிரியர் அந்தக் கணக்குக்குப் பயந்து இங்கே வருடா வருடம் கட்டணம் கட்டத் தேவையில்லை.

நம்மூரில் இதற்கு மார்க்கப் பக்கமும் உண்டு. அதை ஒதுக்கிவிட்டு இந்தப் பேச்சை முடிக்க முடியாது. 2000 செப்டம்பரில் ரியாதில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் கழகம், கணக்கில் பணமில்லாமல் கடனாகச் செலவிட விடும் அட்டையின் நிபந்தனையில் வட்டி இருந்தால் அது ஆகுமானதல்ல என்று தீர்மானித்தது. கெடுவுக்குள் கட்டிவிடும் எண்ணம் இருந்தாலும் ஆகாது என்று சேர்த்தும் சொன்னது. வேறு கருத்துள்ள அறிஞர்களும் இருக்கிறார்கள். உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை யோசியுங்கள். வட்டி நிபந்தனைக்குக் கீழே வைத்த கையெழுத்து, அட்டை அலுமாரிக்குள் இருந்தாலும் செல்லுபடியாகும். ஒருவர் மௌத்தானால் வாரிசுகளுக்குப் பங்கு பிரிக்கும் முன் அவருடைய கடனைத் தீர்க்க வேண்டும் என்பது நம் சட்டம். வாப்பாவுக்குக் கடனட்டை இருந்ததே தெரியாத பிள்ளைகள் அதை எப்படித் தீர்ப்பார்கள்?

வைத்திருக்க நியாயம் உள்ளவர்களும் உண்டு. தவணை முறையில் வாங்கிய பொருளுக்கு இன்னும் கட்டுகிறவர் அது முடியும் வரை பொறுக்கலாம். வெளிநாட்டில் வைத்தியத்துக்கோ படிப்புக்கோ அட்டை அவசியமானவர் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம். இணையத்தில் பொருள் வாங்குவதற்கு மட்டும் என்றால் டெபிட் காட் பெரும்பாலும் போதும்.

மூடுவது என்று முடிவெடுத்தால் அட்டையைக் கத்தரியால் வெட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். வெட்டியது பிளாஸ்டிக், கணக்கு அப்படியே இருக்கும். முதலில் தொலைபேசிக் கட்டணம், காப்புறுதி என்று அந்த அட்டையில் தானாகக் கழியும் கொடுப்பனவுகளை மாற்றுங்கள். சேர்ந்திருக்கும் புள்ளிகளைப் பாவித்துவிடுங்கள். நிலுவையை அன்றைய திகதிவரை கேட்டுச் சதமும் விடாமல் கட்டுங்கள். மூடச் சொல்லி எழுத்தில் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்குங்கள். மனைவி பேரில் துணை அட்டை இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். கணக்கு மூடப்பட்டது, நிலுவை இல்லை என்ற கடிதத்தைக் கேட்டு வாங்கிக் காணி உறுதியோடு வையுங்கள். சில மாதங்கள் கழித்து உங்கள் கிரிப் அறிக்கையை எடுத்து, அதிலும் மூடியதாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

வங்கி இழுத்தடித்தால், முதலில் அந்த வங்கியிலேயே எழுத்தில் முறையிடுங்கள். அதிலும் தீராவிட்டால் மத்திய வங்கியின் நிதிசார் நுகர்வோர் உறவுகள் திணைக்களம் இருக்கிறது, இலக்கம் 1935.

இந்தியாவில் 2022 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதி இதைவிடத் தெளிவு. நிலுவை இல்லாத அட்டையை மூடக் கேட்டால் 7 வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 500 இந்திய ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் பாவிக்காத அட்டை என்றால் வங்கியே அறிவித்தல் கொடுத்து, 30 நாளில் பதில் வராவிட்டால் மூட வேண்டும். பாவிக்காத அட்டையைப் பற்றி நினைவூட்டும் பொறுப்பு அங்கே வங்கியின் தலையில். அந்த வழக்கம் இங்கும் வேரூன்ற வேண்டும். அதுவரை அந்தப் பொறுப்பு நம்முடையது. ஆசிரியர் இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே வங்கிக்குப் போகட்டும்.

(அடுத்த வாரம்: மற்றவர் கடனுக்குப் பிணை நிற்பது)