சோழவரம் கூட்டம் எங்கே போச்சு?

'கார் ரேஸா? அதெல்லாம் சோழவரத்தோட சரி!' என்கிறார் எங்கள் ஆபீஸ் சூப்பரின்டெண்ட். மயிலாப்பூர்க்காரர். ரிடையராக ஆறு மாசம் பாக்கி. இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த ரேஸுக்குச் சின்ன வயசில் பஸ் பிடித்துப் போனவர். '1990-ல இருங்காட்டுக்கோட்டைக்கு டிராக் வந்துது. ஜனம் வரலியேப்பா!'

அடையாறு ஜூனியர் விடுவதாயில்லை. 'சார், 2024-ல தீவுத்திடலைச் சுத்தி ராத்திரியில ஃபார்முலா 4 ஓடிச்சே! 2025-ல துபாய் 24 மணி நேர ரேஸ்ல அஜித் டீம் அவங்க பிரிவுல மூணாவது வந்தப்ப ஊரே கொண்டாடலையா?'

'அது 'தல'க்கு வந்த கூட்டம், தம்பி. ரேஸுக்கு வந்ததில்லே!'

என் கட்சி வேறு. பஞ்சம் ரசிகனுக்கில்லை, ஓட்டுகிறவனுக்குத்தான். இதுவரை ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய இந்தியர்கள் இரண்டே பேர். 2005-ல் கோவை நரேன் கார்த்திகேயன், 2010-ல் சென்னை கருண் சாந்தோக். இரண்டு பேருக்கும் அப்பாவே ராலி வீரர்! நம்ம வீட்டுப் பையன் ஆசைப்பட்டால்? டயர் விலையைக் கேட்டதுமே அப்பா பி.எஃப். லோன் ஃபாரம் தேடுவார்.

ஸ்பான்சர்கள் விளம்பரப் பலகையோடு நிற்காமல், மாசச் சம்பளக்காரன் பிள்ளை ஒருத்தனை டிராக்கில் ஏற்றிவிடட்டும். அவனைப் பார்க்கத் தெருவே பஸ் ஏறும்!