வேடசந்தூர் நூல் லோடும் மாநிலங்களின் பொதுக்கணக்கும்

வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலையில் இச்சல்கரஞ்சிக்குப் பருத்தி நூல் ஏற்றியாகிவிட்டது. ஆனாலும் லாரி எண்ணைப் போட்டு, சரக்கோடு போகும் மின்னணுச் சீட்டான இ-வே பில்லின் 'பார்ட் பி'யை நிரப்பாமல் வண்டி நகராது. மகாராஷ்டிரத்திலுள்ள அந்த நெசவு நகரம் இங்கிருந்து ஏறக்குறைய 1,000 கி.மீ. 200 கி.மீ.க்கு ஒரு நாள் என்ற கணக்கில் பில் ஐந்து நாள் செல்லும். வழியில் வண்டி பழுதாகி வேறு லாரிக்குச் சரக்கை மாற்றினால், புது எண்ணையும் ஏற்ற வேண்டும்.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வரும்வரை ஓசூரைத் தாண்டினால் வேறு மாநிலம், வேறு வரித்துறை, வேறு காகிதம். செக்போஸ்ட் வரிசையில் டிரைவர் இழந்த நேரத்துக்கு யாரும் கணக்கு வைத்ததில்லை. அப்போதே கர்நாடகம் 'இ-சுகம்' என்று சரக்கு விவரத்தை இணையத்தில் பதியவைத்திருந்தது. அந்த அனுபவம்தான் நாடு முழுமைக்குமான இ-வே பில்லுக்கு முன்மாதிரி. இ-வே பில் 2018 பிப்ரவரி 1 அன்று தொடங்கியது. அன்றே சர்வர் படுத்துவிட்டது. ஏப்ரல் 1 அன்று மறுபடி வந்தது. 2021 முதல் ஃபாஸ்டாக்குடனும் இணைந்திருப்பதால், எந்த டோல்கேட்டை லாரி எப்போது கடந்தது என்பது அதிகாரிக்குத் தெரிந்துவிடும்.

வரி எங்கே போகிறது என்பதுதான் இதில் நுட்பமான இடம். மாநிலம் தாண்டி விற்கும் நூலுக்கு ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி (ஐஜிஎஸ்டி) 5 சதவீதம். மாநிலப் பங்கு, நூல் உற்பத்தியான தமிழ்நாட்டுக்கு அல்ல, வாங்கும் மகாராஷ்டிரத்துக்கு. போதாததற்கு, ஆலை இங்கே பொருள் வாங்கியபோது கட்டிய மாநில வரியை இந்த ஐஜிஎஸ்டியில் கழித்துக்கொண்டால், அந்தத் தொகையையும் தமிழ்நாடு விட்டுக்கொடுக்க வேண்டும். மாநிலங்கள் ஒன்றையொன்று நம்பி ஒரே கணக்கில் எழுதினால்தான் இது நடக்கும். உற்பத்தி மாநிலமான தமிழ்நாடு ஆரம்பத்தில் ஜிஎஸ்டியை எதிர்த்ததில் எனக்கு வியப்பில்லை.

இந்த வரியின் விதிகளை முடிவு செய்யும் ஜிஎஸ்டி மன்றத்தில் ஒன்றிய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு, மீதி மாநிலங்களுக்கு. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும் என்பதால் ஒன்றிய அரசை மீறி எதுவும் நடக்காது. தமிழ்நாட்டுக்கும் கோவாவுக்கும் வாக்கின் எடை ஒன்றே. கணினி வலைப்பின்னலை நடத்தும் ஜிஎஸ்டிஎன்னில் முதலில் தனியாருக்கு 51 சதவீதம் இருந்தது. இப்போது ஒன்றியம் பாதி, மாநிலங்கள் பாதி.

ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளத்துக்குப் போகும் காய்கறி லாரிகள் இந்த வலையில் இல்லை. பச்சைக் காய்கறிக்கு ஜிஎஸ்டியும் இல்லை, இ-வே பில்லும் இல்லை. வேடசந்தூர் நூலே திருப்பூருக்குப் போனால், ஒரு லட்சம் ரூபாய் வரை பில் வேண்டாம். மாநிலம் தாண்டினால் வரம்பு 50,000. அந்த ஒரு லட்ச வரம்பைத் தமிழ்நாடு தானே நிர்ணயித்துக்கொண்டது.