மேலே பளபளப்பு, உள்ளே விரிசல்

அலாய் வீல் கீறலை வீட்டிலேயே சரிசெய்துகொள்ளலாம். ஆனால் கீறல் எது, ஆபத்து எது?

மழைக்காலம் ஓய்ந்தால் தில்லி கரோல் பாக் கார் அலங்காரக் கடைகளில் கூட்டம் தாங்காது. பெங்களூர் ஜே.சி. ரோடு, சென்னை ஜி.பி. ரோடு கதையும் அதுதான். குழியில் இறங்கியவை, நடைபாதை விளிம்பில் உரசியவை என்று அடிபட்ட அலாய் வீல்கள் வந்து குவிகின்றன. ஒரு காலத்தில் பணக்காரர்களின் பந்தாவாக இருந்த இந்தச் சக்கரம் இப்போது தவணையில் வாங்கிய சின்னக் காரிலும் மின்னுகிறது. கடைக்காரர் கேட்கும் தொகையைக் கண்டு மிரண்டவர்கள் உப்புத்தாளும் ஸ்ப்ரே டப்பாவுமாக வீட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள்.

விளிம்பில் மட்டும் உரசல் என்றால் இதில் தவறேதுமில்லை. சக்கரத்தைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, பிரேக் தூசியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் அறவே போக்க வேண்டும். பிசுக்கு இருந்தால் பெயின்ட் உரிந்துவிடும். பிறகு சொரசொரப்பான உப்புத்தாளில் தொடங்கி 400 நம்பர் வரை தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது. பள்ளத்துக்குக் கொஞ்சம் பட்டி; காய்ந்ததும் மறுபடி தேய்ப்பு. டயரில் பெயின்ட் படாமலிருக்க ரிம்முக்கும் டயருக்கும் நடுவே பழைய சீட்டுக்கட்டைச் செருகிவிடுவது அனுபவஸ்தர்களின் தந்திரம். பிரைமர், வெள்ளி நிறம், கடைசியில் கிளியர் லாக்கர் என்று மெல்லிய பூச்சுகளாக அடிக்க வேண்டும். ஈரக்காற்று வீசும் நாளில் அடித்தால் லாக்கர் பால் போல வெளுத்துவிடும். கடைந்தெடுத்த முகம் கொண்ட 'டைமண்ட் கட்' சக்கரங்களுக்கு இந்த வைத்தியம் பலிக்காது. அவற்றுக்குக் கடைசல் இயந்திரம் வேண்டும்.

சிக்கல் ஆரம்பிப்பது ரிம் வளைந்திருக்கும்போதுதான். இரும்புச் சக்கரம் வளையும், தட்டினால் நிமிரும். அலாய் வீல் அப்படியல்ல. பெரும்பாலும் அலுமினியத்தில் சுமார் 7 சதவீதம் சிலிக்கானும் துளி மக்னீசியமும் சேர்த்து வார்க்கப்படுவது அது. 540 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடாக்கி, சட்டென்று குளிரவைத்து, மீண்டும் 150 டிகிரிக்குச் சற்று மேலே சில மணி நேரம் வைத்திருப்பதால் வருவதே அதன் பலம். சாலையோரப் பட்டறையில் கேஸ் தீ காட்டி ஜாக்கியால் நிமிர்த்தும்போது முதலில் பறிபோவது அந்தப் பலம்தான். போதாததற்கு, அலுமினியம் இரும்பு போலச் சிவந்து எச்சரிப்பதும் இல்லை. விரிசலுக்கு வெல்டிங் வைத்தாலும் இதே கதி. தொழிற்சாலையில் வளைவுச் சோதனை, சுமைச் சோதனை, மோதல் சோதனை என்று மூன்றையும் தாண்டி வந்த சக்கரம், பட்டறையிலிருந்து எந்தச் சோதனையும் இல்லாமல் வெளியே வருகிறது.

இதன் விபரீதம் சாதாரணமானதல்ல. குழிகளால் நேர்ந்த விபத்துகளில் மட்டும் 2022இல் நாட்டில் 1,856 பேர் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. அதே குழிகளில்தான் ஒட்டுப்போட்ட சக்கரங்களும் ஓடுகின்றன.

அந்த வகையில் வீட்டு ரிப்பேருக்கு ஒரு நன்மை உண்டு. தானே தேய்ப்பவர் கண்ணில் தலைமயிர் போன்ற விரிசலும் பட வாய்ப்புண்டு. கடையில் கொடுத்தால் பட்டி அதை மூடிவிடலாம். பழைய கார் வாங்குபவர்கள் முன்பக்கப் பளபளப்பில் மயங்காமல் ரிம்மின் உட்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது. விரிசலும் வெல்டிங் தழும்பும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அடிக்கடி காற்று இறங்குவதும், வேகமெடுத்தால் ஸ்டியரிங் நடுங்குவதும் மற்ற அடையாளங்கள்.

விரிசல் கண்டால் சக்கரத்தை மாற்றுவது ஒன்றே வழி. அதைத் தூக்கி எறிய மனமில்லாமல் ஸ்டெப்னியாக டிக்கியில் போட்டுவைப்பவர்கள் ஏராளம். ஆனால் ஸ்டெப்னி வெளியே வருவது பெரும்பாலும் நெடுஞ்சாலையில், ஆள் அரவமற்ற இடத்தில். நல்ல சக்கரமானாலும் நட்டுகளை எதிரெதிராக முடுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒருமுறை முடுக்கிப் பார்க்க வேண்டும்.