குறைந்த முதலில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்: கொள்முதல் விலையும் அடக்க விலையும்

நமது சங்கத்து இளைய உறுப்பினர்கள் சிலர் அண்மைக் காலமாக ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கின்றனர். "ஐயா, கையில் மூன்று நான்கு லட்சம்தான் இருக்கிறது. பழைய காலத்து ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்க முடியுமா?" என்பதே அது. 2025 ஜூலையில் நமது செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலக பாரம்பரியச் சின்னங்களில் இடம் பெற்றது. பழைய கற்களுக்கு மதிப்பு வந்ததைப் போலப் பழைய கார்களுக்கும் ஒரு மோகம் வந்திருக்கிறது போலும். மளிகைக் கடைக்காரனுக்கு ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு என்று கேட்பவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்த கட்டுரைக்குப் போகலாம். ஆசைப்பட்டவர்கள் ஏமாறக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் கிடைக்காததைச் சொல்லிவிடுகிறேன். சினிமாவில் பார்க்கும் எம்.ஜி., டிரையம்ப், ஜாகுவார் போன்ற அசல் சீமை ஸ்போர்ட்ஸ் கார்கள் நம் கைக்கு எட்டாதவை. நாட்டில் இருக்கும் சிலவும் பெரிய செல்வந்தர்களின் ஷெட்டில் இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமே என்றால், பழைய வண்டி இறக்குமதிக்குக் கட்டுப்பாடுகள் பல. அவற்றைத் தாண்டினாலும் சுங்க வரியே வண்டியின் விலையை விழுங்கிவிடும். ஆகவே அந்த எண்ணத்தை விட்டுவிடுவது நல்லது.

ஆனால் நம் ஊர்ப் பக்கத்திலேயே பிறந்த ஒரு வண்டி இருக்கிறது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று பெயர். ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு டாக்டர் வீட்டு வாசலிலோ வக்கீல் வீட்டு வாசலிலோ பார்த்த நினைவிருக்கும். ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற கம்பெனி 1948இல் தொடங்கப்பட்டு, சென்னையை அடுத்த வண்டலூர், பெருங்களத்தூர் பகுதியில் கார் தயாரித்தது. 1961 முதல் அங்கே ஹெரால்டு வெளிவந்தது. சீமையில் இதே வண்டி 1959இல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வந்தது. உருவம் அமைத்தவர் இத்தாலி நாட்டு ஜியோவானி மிக்கலோட்டி. இந்த ஹெரால்டின் சேஸைக் குறுக்கி, அதன்மேல் இரண்டு பேர் உட்காரும் திறந்த உடலை வைத்து 1962இல் கொண்டுவந்ததுதான் புகழ்பெற்ற டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். அதற்கும் உருவம் கொடுத்தவர் அதே மிக்கலோட்டிதான். ஆக, ஹெரால்டு ஸ்போர்ட்ஸ் காரின் கூடப் பிறந்த அண்ணன் என்று சொன்னால் தவறில்லை. இரண்டாம் உலகப் போரில் விமானத் தளமாக இருந்த சோழவரத்தில் ஆண்டுதோறும் நடந்த கார் பந்தயங்களில் ஃபியட்டும் ஹெரால்டும் ஓடியதைப் பார்க்க அந்நாளில் பெருங்கூட்டம் கூடும்.

948 சி.சி. இன்ஜின்தான். இன்றைய சிறிய கார்கள் கூட அதை முந்திவிடும். ஆனாலும் அதற்கென்று சில அழகுகள் உண்டு. பானட் முழுவதும், மட்கார்டு இரண்டும் சேர்த்து, முன்பக்கமாக முதலை வாயைப் போலத் திறக்கும். மெக்கானிக் முன் டயர் மேல் உட்கார்ந்தபடியே இன்ஜின் வேலை பார்க்கலாம். சுமார் 25 அடி வட்டத்திற்குள் வண்டி திரும்பிவிடும். நமது கடைவீதியில் சந்தை நாளில் கூட இரண்டு தட்டு வண்டிகளுக்கு நடுவே திருப்பலாம். உடலின் பாகங்கள் ஒன்றோடொன்று போல்ட் போட்டு இணைக்கப்பட்டவை. பழுதான பாகத்தை மட்டும் கழற்றிச் செய்யலாம். சீமையில் ஒரே இடத்தில் முழு உடலையும் செய்து தர ஆள் கிடைக்காததால் வந்த ஏற்பாடு அது. அதுவே சென்னையில் வண்டியைப் பூட்டுவதற்கும் வசதியாகப் போயிற்று.

முதலில் இரண்டு கதவு, பிறகு நான்கு கதவு என்று வந்தது. நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே செய்யப்பட்டது. ஸ்போர்ட்ஸ் கார் தோற்றம் வேண்டுவோர் தேட வேண்டியது இரண்டு கதவு வண்டியை. அதற்கு விலையும் கூடுதல். 1972 முதல் 1977 வரை வந்த கெசல், ஹெரால்டின் மாற்றுருவம். அழகில் ஒரு படி கீழே. ஆனால் பின் அச்சு உறுதியானது. கம்பெனி 1988இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

வேறு சிலவும் உண்டு. 1998இல் வந்த சான் ஸ்டார்ம் இரண்டு பேர் உட்காரும் அசல் ஸ்போர்ட்ஸ் கார்தான். 1149 சி.சி. ரெனோ இன்ஜின், ஃபைபர் உடல், துருப் பயம் இல்லை. எண்ணிக்கை மிகக் குறைவு என்பதால் கண்ணாடி உடைந்தால் திண்டாட்டம். 1984 முதல் வந்த கான்டெஸா நீண்ட மூக்குடன் கம்பீரமாக இருக்கும், பெட்ரோலும் கம்பீரமாகக் குடிக்கும். வேகம் மட்டும் போதும் என்பவர்கள் 2001இல் வந்த ஃபியட் பாலியோ 1.6 பார்க்கலாம். அதைப் பழைய கார் என்று என் போன்றவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

இனி விஷயத்திற்கு வருகிறேன். நாம் ஒரு லோடு மல்லாட்டை வாங்கினால் கொள்முதல் விலையோடு நிறுத்திக்கொள்கிறோமா? வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, கமிஷன், சேதாரம், வட்டி எல்லாம் போட்டு அடக்க விலை கண்ட பிறகுதான் விற்கும் விலையைப் பேசுகிறோம். பழைய கார் வாங்கும்போது மட்டும் கொள்முதல் விலையைப் பார்த்து மயங்கிவிடுகிறோம். கடையில் ஐந்து பைசாவுக்குக் கணக்குப் பார்ப்பவர் கூட, சிவப்பு பெயிண்டைக் கண்டதும் ரொக்கத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்.

நமது வட்டாரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் இளைஞர் ஒருவர். ஏலச்சீட்டு எடுத்த பணம் மூன்றரை லட்சம் கையில் வைத்திருந்தார். இரண்டு ஹெரால்டுகளைப் பார்த்து வைத்துவிட்டு என்னையும் துணைக்கு அழைத்தார். ஹெரால்டு வேலை தெரிந்த ஒரு வயதான மெக்கானிக்கைத் திண்டிவனத்திலிருந்து கூட்டிப் போனோம். முதல் வண்டி புதுச்சேரியில். புது பெயிண்ட், புது சீட்டு, தட்டினால் ஸ்டார்ட். விலை மூன்று லட்சம். மெக்கானிக் சட்டைப் பையிலிருந்து துணி சுற்றிய ஒரு காந்தத்தை எடுத்தார். கதவுக்குக் கீழே வைத்தார், ஒட்டவில்லை. பின் சக்கர வளைவில் வைத்தார், வழுக்கி விழுந்தது. தகடு இருக்க வேண்டிய இடமெல்லாம் பட்டி அடைத்துப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். கீழே படுத்து சேஸின் பக்கக் கைகளை ஸ்குரூ டிரைவரால் குத்தினார், உள்ளே போய்விட்டது. கடற்கரை ஊர் வண்டிக்கு உப்புக் காற்று செய்த வேலை. அதைச் சரிசெய்ய உடலையே கழற்றி எடுக்க வேண்டும்; டிங்கரிங் கூலி எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார்.

இரண்டாவது வண்டி திருவண்ணாமலைப் பக்கம் ஒரு பழைய ரைஸ்மில் ஷெட்டில் நின்றது. மேலே காலிச் சாக்குகள். சீட்டை எலி தின்றிருந்தது. நான்கு டயரிலும் காற்றில்லை. இன்ஜின் ஜாம். ஆனால் காந்தம் எங்கே வைத்தாலும் ஒட்டியது. விலை ஒன்றேகால் லட்சம் சொல்லி ஒன்று பத்துக்கு முடிந்தது. இன்ஜினைப் பிரித்து, லேத்தில் ரீபோர் செய்து, பிஸ்டன் மாற்ற 55 ஆயிரம். பிரேக், டயர் 40 ஆயிரம். ஒயரிங், சீட்டு 35 ஆயிரம். இழுத்து வந்த கூலி, ஆவணச் செலவு 20 ஆயிரம். ஆக அடக்க விலை 2,60,000. பெயிண்ட் அடிக்காமல் பழைய நீலத்தையே பாலிஷ் போட்டு வைத்திருக்கிறார். மீதி 90 ஆயிரத்தைக் கடைச் சரக்கில் போட்டார். முடிய 14 மாதம் ஆயிற்று. அந்தப் பொறுமை எல்லோருக்கும் வராது என்பதையும் சொல்ல வேண்டும்.

இன்ஜின், கியர்பாக்ஸ் கெட்டது பெரிய நஷ்டமல்ல. ஸ்பிட்ஃபயருக்கு உலகெங்கும் ஆர்வலர்கள் இருப்பதால் அதன் உதிரி பாகங்கள் பல இன்றும் இங்கிலாந்தில் புதிதாகச் செய்யப்படுகின்றன. அவற்றில் கணிசமானவை ஹெரால்டுக்கும் பொருந்தும். சென்னை புதுப்பேட்டையில் தேடினாலும் அவ்வப்போது சிக்கும். எதுவும் இல்லையென்றால் லேத் கடை இருக்கவே இருக்கிறது. தகடும் சேஸும் போனால்தான் முதலுக்கே மோசம்.

இந்த வண்டிக்கே உரிய இரண்டு குறைகளை மறக்காமல் பார்க்க வேண்டும். முன் சக்கரத்தைத் தாங்கும் அடிப்பகுதியில் ட்ரன்னியன் என்றொரு பாகம். மறை போட்ட தண்டு அதற்குள் திரும்பும். அதற்குக் கியர் ஆயில் விட வேண்டும் என்பது கம்பெனி விதி. நம்மூரில் பலர் கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் மறைக்குள் சரியாக இறங்காது. தண்டு துருப்பிடித்து, ஒரு நாள் ஓடும்போதே முறிந்து சக்கரம் மடங்கிவிடும். வாங்கியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை இதைப் பிரித்துப் பார்ப்பதுதான். அடுத்து, பின் அச்சு. வளைவில் வேகமாகத் திரும்பி நடுவில் ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின் சக்கரம் உள்ளே மடிந்து வண்டி சறுக்கும். கெசலில் அச்சையே மாற்றியதற்கு ஹெரால்டின் அச்சு நம் நாட்டில் பிடிக்காமல் போனதே காரணம். பந்தயக்காரர்களுக்கு அது பழக்கம். பிள்ளைகளிடம் சாவியைக் கொடுக்கும் முன் நாம் யோசிக்க வேண்டும்.

பெட்ரோலையும் கவனிக்க வேண்டும். ஈயம் கலந்த பெட்ரோல் நாட்டில் 2000ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. பழைய இன்ஜினின் வால்வு இருக்கைகள் ஈயத்தை நம்பிச் செய்யப்பட்டவை. இன்ஜினைப் பிரிக்கும்போதே கடினமான இருக்கை வைத்துவிட்டால் தொல்லையில்லை. இப்போது வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களையும் பம்பின் டயஃப்ரத்தையும் ஊறச் செய்து கெடுக்கும். குழாய் கசிந்தால் தீ விபத்து. குழாய்கள் அத்தனையும் புதிதாக மாற்றச் செலவு சில ஆயிரம்தான்.

அடுத்தது ஆவணம். மேலே சொன்ன 14 மாதத்தில் ஒன்பது மாதம் இதற்கே போயிற்று. ஆர்.சி. புத்தகம் ரைஸ்மில்காரரின் காலஞ்சென்ற தந்தை பெயரில் இருந்தது. வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் வாங்கி, முதலில் மகன் பெயருக்கு மாற்றி, அதன் பிறகே நமது இளைஞர் பெயருக்கு மாற்ற முடிந்தது. மூன்றெழுத்து போட்ட பழைய பதிவு எண்கள் பல கம்ப்யூட்டரில் ஏறியே இருக்காது. அதை ஏற்றச் சொல்லித் தனியாக மனுக் கொடுக்க வேண்டும். சேஸ் எண்ணை நேரில் தேய்த்துப் பார்த்து ஆர்.சி.யோடு ஒப்பிடாமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. முன்னாளில் பெட்ரோல் செலவுக்குப் பயந்து டீசல் இன்ஜின் மாற்றிய வண்டிகள் பல உண்டு. ஆர்.சி.யில் அந்த மாற்றம் பதிவாகவில்லை என்றால் அந்த வண்டியைத் தொடவே வேண்டாம். ஆர்.சி. இல்லாத வண்டியைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்பார்கள். அது எடைக்குப் போடும் இரும்பு விலை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அரசுக் கட்டணங்களும் அடக்க விலையில் சேரும். 15 ஆண்டு தாண்டிய காரின் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதிச் சோதனையோடு புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் இதற்கு 5,000 ரூபாய் என்றிருந்தது. 2025 ஆகஸ்டு முதல் 20 ஆண்டு தாண்டிய காருக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரியும், தாமதத்திற்கு மாதாமாதம் அபராதமும் தனி. பழைய வண்டிகளை ஓட்டவே கூடாது என்ற தடை டெல்லி வட்டாரத்தைப் பற்றியது. நமக்கு அது இல்லை. ஐம்பது ஆண்டு தாண்டி, பெரிய மாற்றம் ஏதும் செய்யாத வண்டியை, 2021இல் வந்த மத்திய விதிப்படி விண்டேஜ் வண்டி என்று பதிவு செய்யலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு, பழுது பார்த்தல், பெட்ரோல் போடுதல் போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். தினமும் கடைக்கு ஓட்டிவர நினைப்பவர்கள் சாதாரணப் பதிவையே வைத்துக்கொள்வது மேல்.

"கல்யாண ஊர்வலத்திற்கு வாடகைக்கு விட்டால் போட்ட பணம் வந்துவிடுமே" என்று கணக்குப் போடுபவர்கள் உண்டு. விண்டேஜ் பதிவில் வாடகைத் தொழிலுக்கு இடமே இல்லை. சொந்தப் பதிவிலும் வாடகைக்கு விடுவது விதிமீறல்தான். அன்று ஏதாவது விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கை விரித்துவிடும். நஷ்ட ஈட்டுக்கு உங்கள் கடையும் வீடும் பதில் சொல்ல வேண்டும். உறவுக்காரர் கல்யாணத்திற்குச் சும்மா கொடுத்து, மொய்க் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். ஆகவே இது வருமானம் தரும் பண்டமல்ல. சீட்டுப் பணம், விளைச்சல் பணம் என்று தனியாக வந்த பணத்தில் வாங்கலாம். மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய தவணையில் கை வைத்து வாங்கினால், அடுத்த பண்டிகைக்கு எண்ணெயும் சர்க்கரையும் கடனுக்கு வராது. இதை ஒரு மொத்த வியாபாரி சொல்வதால் சுயநலம் என்று நினைத்தாலும் சரி.

கடைசியாக ஒன்று. வண்டி பார்க்கப் போவதானால் ஐப்பசி, கார்த்திகையில், நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் முன்னறிவிப்பு இல்லாமல் போங்கள். மிதியடியைத் தூக்கி, டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்து, அடியில் கை வைத்துப் பாருங்கள். தண்ணீர் தேங்கியிருந்தால் அங்கேதான் தகடு அரித்திருக்கும். பானட்டின் மேலும் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவது தெரிந்து ஏற்கெனவே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார் என்று பொருள். ஒரு டீ குடித்து, அது ஆறும் வரை காத்திருந்து, பிறகு சாவியைக் கேளுங்கள்.