மாலையில் ஒரு சிம்பொனி

இருந்த வயலின்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கற்றுக்கொள்ள வந்தவர்களோ அதைவிட அதிகம். ஒருவர் கொஞ்ச நேரம் வாசித்துவிட்டு அடுத்தவர் கையில் கொடுப்பார்; அவர் முடித்ததும் மூன்றாமவர். தந்தி அறுந்துபோனால் சைக்கிள் பிரேக் கம்பியை மாட்டிக்கொண்டு பயிற்சியைத் தொடர்ந்தார்கள். காங்கோவின் தலைநகர் கின்ஷாசாவில் 1994-ல் தொடங்கிய கிம்பாங்கிஸ்ட் சிம்பொனி இசைக்குழுவின் ஆரம்ப காலம் இப்படித்தான் இருந்தது.

தொடங்கியவர் அர்மாண்ட் டியாங்கியெண்டா. விமானியாக இருந்து வேலையை இழந்தவர். இசைக் கல்லூரிப் பக்கம் போனதில்லை. பியானோ, செல்லோ எல்லாம் அவரே முயன்று கற்றுக்கொண்டவை. அவருடைய தாத்தா சைமன் கிம்பாங்கு, பெல்ஜியம் ஆண்டுகொண்டிருந்த காங்கோவில் 1921-ல் ஒரு கிறிஸ்தவ இயக்கத்தைத் தொடங்கினார். காலனி அரசு அவருக்கு மரண தண்டனை விதித்து, பிறகு ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. முப்பது ஆண்டுகள் சிறையில் கிடந்து 1951-ல் அங்கேயே இறந்துபோனார். அவர் பெயரால் வளர்ந்த திருச்சபையில் பித்தளை ஊதுகருவிக் குழுக்களும் புல்லாங்குழல் குழுக்களும் ஏற்கெனவே இருந்தன. வயலினும் செல்லோவும்தான் புதிது.

புதிதென்றால், வாத்தியத்துக்கே தட்டுப்பாடு. குழுவில் ஒருவர், இருக்கிற வாத்தியத்தைப் பிரித்துப் பார்த்து, அளவெடுத்து, ஆளுயர டபுள் பேஸைத் தானே செய்யக் கற்றுக்கொண்டார். இசைக்குறிப்புகளைக் கையால் படியெடுத்தார்கள்.

பின்னாளில் குழு சுமார் 200 பேராக வளர்ந்தது. யாருக்கும் இது பிழைப்பு அல்ல. இவர்களைப் பற்றி ஜெர்மானிய இயக்குநர்கள் கிளாஸ் விஷ்மான், மார்ட்டின் பேயர் இருவரும் எடுத்த 'கின்ஷாசா சிம்பொனி' என்ற ஆவணப்படம் 2010-ல் வந்தது. அதில், விடியும் முன்பே எழுந்து சந்தையில் ஆம்லெட் போட்டு விற்கும் பெண், மாலையில் செல்லோவோடு உட்கார்ந்திருக்கிறார். ஒத்திகை நடுவில் மின்சாரம் போகிறது. வயோலா வாசிப்பவர் எழுந்துபோய் ஒயரைச் சரிபார்க்கிறார். மின்வேலையும் முடிதிருத்தும் வேலையும்தான் அவருக்குத் தொழில்.

நாள் முழுக்க உழைத்துக் களைத்தவர்களை மாலையில் இங்கே இழுத்துவருவது எது?

பதிலை இவர்கள் வாசிக்கும் இசையிலேயே தேடலாம். இவர்கள் மேடையேற்றிய பெரிய படைப்புகளில் ஒன்று பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி. 1824-ல் வியன்னாவில் அரங்கேறியது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். பாடகர் குழு முதல் மூன்று பகுதிகளும் முடியும்வரை வாய் திறப்பதில்லை. சிம்பலும் பெரிய டிரம்மும் கடைசிப் பகுதியில்தான் வருகின்றன. அதுவரை அந்தக் கலைஞர்கள் சும்மா இருப்பதாகப் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். உண்மையில் தங்கள் முறை வரும்வரை தாளத்தை மனதுக்குள் எண்ணியபடி, மற்றவர்கள் வாசிப்பதை ஒரு சுரம் விடாமல் பின்தொடர்ந்துகொண்டிருப்பார்கள். இவ்வளவு உன்னிப்பாகக் கேட்கும் பழக்கம் தனியாக வாசிப்பவருக்கு எளிதில் வாய்ப்பதில்லை.

இரண்டாம் வயலின், வயோலா வாசிப்பவர்களின் அனுபவம் இன்னும் சுவாரசியமானது. பல இடங்களில் அவர்களுக்கு மெட்டே வராது. வீட்டில் தனியாக வாசித்துப் பார்த்தால், ஒரே சுரம் திரும்பத் திரும்ப வருவதுபோல் அலுப்பாக இருக்கும். அதே வரியைக் குழுவின் நடுவே உட்கார்ந்து வாசிக்கும்போது, பக்கத்தில் செல்லோக்கள் இறங்க, முன்னால் முதல் வயலின்கள் ஏற, அந்த ஒற்றைச் சுரம் இல்லாவிட்டால் மொத்தமும் சரிந்துவிடும் என்பது புரிகிறது. டபுள் பேஸின் அதிர்வு தரை வழியாகக் காலுக்கு ஏறுகிறது. டிக்கெட் வாங்கி எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு எவ்வளவு விலை கொடுத்தாலும் இந்த இடம் கிடைக்காது. அமெச்சூர் கலைஞர்கள் சம்பளமில்லாமல் ஆண்டுக்கணக்கில் வந்துகொண்டிருப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

இதற்குப் பெரிய திறமைசாலியாக இருக்க வேண்டும் என்பதுமில்லை. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில், நாவலாசிரியர் அலெக்சாண்டர் மெக்கால் ஸ்மித்தும் நண்பர்களும் 1995-ல் ஒரு இசைக்குழுவைத் தொடங்கினார்கள். நன்றாக வாசிக்க வராதவர்களுக்காகவே தொடங்கிய குழு. அதன் பெயரே 'ரியலி டெரிபிள் ஆர்கெஸ்ட்ரா'. மெக்கால் ஸ்மித் அதில் பஸூன் என்ற ஊதுகருவியை வாசித்தவர். அந்தக் குழு 2009-ல் நியூயார்க்கின் டவுன் ஹாலிலேயே கச்சேரி செய்தது. பள்ளி நாளில் கற்றுவிட்டு, பரணில் போட்டுவைத்த வாத்தியத்தை நடுத்தர வயதில் இறக்கித் துடைப்பவர்களுக்கு இப்படி ஒரு வாசல் திறந்திருப்பது சின்ன விஷயமல்ல.

கின்ஷாசா குழுவை உலகமும் கவனித்தது. லண்டனின் ராயல் பில்ஹார்மானிக் சொசைட்டி 2013-ல் டியாங்கியெண்டாவைக் கௌரவ உறுப்பினராக்கியது. மறு ஆண்டு குழு பிரிட்டனுக்குப் போய் வாசித்தது. வெளிநாடுகளிலிருந்து நன்கொடையாக வாத்தியங்கள் வந்தன. ஆரம்ப நாட்களில் ஒரே வயலினைக் கைமாற்றி வாசித்துப் பழகியவர்கள் இப்போது அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு வில் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.