உங்களுக்குத் தெரியுமா? குண்டு சொல்லும் ஊர்க்கதை

● மரக் கைப்பிடியுடன் நீண்டிருந்தால் அது ஜெர்மானியக் கையெறி குண்டாக இருக்கலாம். 1915-இல் வந்த இந்த வகை, இரண்டு உலகப் போர்களிலும் வீசப்பட்டது.

● அதே 1915-இல் பிரிட்டனில் வில்லியம் மில்ஸ் உருவாக்கியது 'மில்ஸ்' குண்டு. அதன் அடிமூடியில் மாதிரி எண், தயாரிப்பாளர் பெயர், காலம் ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். மேலே உள்ள கட்டங்கள் சிதறுவதற்காக அல்ல, பிடி வழுக்காமலிருக்கவே என்றார் மில்ஸ்.

● மில்ஸ் குண்டு, பின்னை உருவி எறிந்தபின் வெடிக்க முதலில் 7 விநாடி ஆனது. எதிரி ஒதுங்கவோ திருப்பி எறியவோ அது போதும் என்பதால், இரண்டாம் உலகப் போரில் 4 விநாடியாகக் குறைத்தார்கள்.

● பிரிட்டன் 1972-இல் மில்ஸைக் கைவிட்டது. இந்திய ராணுவத்திலோ, டி.ஆர்.டி.ஓ. வடிவமைத்த புதிய பன்முகக் கையெறி குண்டு 2021-இல்தான் அதன் இடத்துக்கு வந்தது.

● சோவியத் எஃப்-1, ஆர்ஜிடி-5 குண்டுகள் இரண்டுக்கும் ஒரே வகை ஃபியூஸ் பொருந்தும். அதனால் உடல் ஓர் ஆலையிலும் ஃபியூஸ் வேறோர் ஆலையிலும் பிறந்திருக்கலாம். நிபுணர்கள் இரண்டின் குறியீடுகளையும் தனித்தனியே படிப்பார்கள்.

● 1993 மும்பைத் தொடர் குண்டுவெடிப்புக்குப் பின் கிடைத்தவை 'ஆர்ஜெஸ்' வகைக் குண்டுகள். வடிவமைப்பு ஆஸ்திரியாவுடையது. அதன் தொழில்நுட்பத்தைப் பெற்றுப் பாகிஸ்தானிலும் அவை தயாரிக்கப்பட்டதால் விசாரணை அந்தத் திசையில் நகர்ந்தது. 2004-இல் வங்கதேசத்தின் டாக்காவில் நடந்த தாக்குதலிலும் ஆர்ஜெஸ் குண்டுகளே வீசப்பட்டன.

● நேட்டோ நாடுகளில் நீலம் பயிற்சிக் குண்டின் அடையாளம். ஆனால் நிறத்தை நம்பித் தொடக் கூடாது. துருப்பிடித்த குண்டும் வெடிக்கும். கண்டால் விலகி நின்று போலீசுக்குச் சொல்லுங்கள்.